கூரையை மூடச் சொல்லுங்கள்

நான் முதன்முதலாக வாங்கிய திறந்த காரின் கூரையை, பணம் கொடுத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் பார்த்தேன். பார்க்கப் போன அன்று நல்ல வெயில். விற்பவர் காரைத் துடைத்து, கூரையை மடித்து, அதன்மேல் உறையை மாட்டி, பார்க்கிறவன் மயங்குகிற கோணத்தில் நிறுத்தியிருந்தார். இருபது நிமிடம் ஓட்டினேன். அந்த இருபது நிமிடமும் நான் காரைப் பார்க்கவே இல்லை. காருக்குள் இருக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “டாப் எப்படி?” என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். “நல்லா இருக்கு சார். இந்த வெயில்ல எதுக்கு அதைப் போட்டு மூடிக்கிட்டு?” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பதினோராம் நாள், வழியில் மழை. ஓரமாக நிறுத்தி, உறையைக் கழற்றி, கூரையை இழுத்தேன். வந்தது. ஆனால் முன்கண்ணாடிச் சட்டத்தை எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது. ரெக்ஸின் கூரையை ஆண்டுக்கணக்கில் மடித்தே வைத்திருந்தால் சுருங்கிப்போகும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் பழைய நீளத்துக்கு வராது என்ற பாடத்தை நனைந்துகொண்டே படித்தேன்.

அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் ஒரு மாதம் கழித்துப் பஞ்சர் வடிவில் வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஏதோ எடுக்க அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தேன். திரும்ப மூடவில்லை. ஜாக்கியை இறக்கினேன், மூடியது. மறுபடி தூக்கினேன், மூடவில்லை. கார் நடுவில் மடங்கிக்கொண்டிருக்கிறது என்பது புரிய எனக்கு இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. என்ன கார் என்று சொல்லப்போவதில்லை. தப்பு காருடையது இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்களுக்காகவும் எனக்காகவும் ஒரு டஜனுக்கு மேல் பழைய கன்வெர்ட்டிபிள்களை, அதாவது கூரையை மடிக்கக்கூடிய கார்களை, பார்த்திருப்பேன். பெரும்பாலானவற்றை வாங்காமல் வந்தோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தீப்பெட்டியை எடுத்து முறுக்கிப் பாருங்கள், லேசில் முறுகாது. உறையைக் கழற்றிவிட்டு உள்பெட்டியை மட்டும் முறுக்குங்கள், சொன்னபடி வளையும். மூடிய காருக்குக் கூரைதான் உறை. அதை வெட்டி எடுத்துவிட்டால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்தும் பொறுப்பு தரைத்தகட்டுக்கும், நடுவில் மேடாக ஓடும் டனலுக்கும், முக்கியமாகக் கதவுக்கு அடியில் இருபக்கமும் நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதிக்கும் வந்து சேர்கிறது. அந்தப் பெட்டிக்குச் சில் என்று பெயர். மூடிய காரில் சில் துருப்பிடித்தால் அது ஒரு செலவு. திறந்த காரில் சில் போனால் முதுகெலும்பே போன மாதிரி.

அதனால் பழைய கன்வெர்ட்டிபிளைப் பார்க்கப் போனால் பானட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள். விற்பவர் அதைத்தான் எதிர்பார்த்து இன்ஜினைத் துடைத்து வைத்திருப்பார். நீங்கள் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் போய்க் குந்தி உட்கார்ந்து, கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில், மேலிருந்து கீழ்வரை அந்தச் சந்து ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொங்கத் தொடங்கிவிட்டது. கீல் தேய்ந்திருந்தாலும் கதவு சாயும் என்பது உண்மைதான். திறந்த கதவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். கீலில் ஆட்டம் இல்லை, சந்து மட்டும் கோணல் என்றால் காரணத்தைச் சில்லில் தேடுங்கள்.

அடுத்தது என் பஞ்சர் சோதனை. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஜாக்கி வைக்க வேண்டிய சரியான இடத்தில் வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். தூக்கும்போதே கதவுச் சந்தைக் கவனியுங்கள். மயிரிழை மாறுவது இயல்பு. திறந்த கார் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் வளையும். ஆனால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவு ஒடுங்கினாலோ, கதவு பிடித்துக்கொண்டாலோ, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஜாக்கி வைத்த இடமே நொறுங்கி உள்ளே போனால் நன்றியைக்கூடச் சுருக்கமாகச் சொல்லலாம். அடியில் தலையை விட்டுப் பார்க்க வேண்டுமானால் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கூடாது.

சில்லின் வெளித்தகடு பளபளப்பாக இருப்பதால் ஒன்றும் நிச்சயமில்லை. பழைய கார் வியாபாரத்தின் பழைய தந்திரம் ஒன்று உண்டு: செல்லரித்த சில்லை வெட்டி எடுக்காமல், அதன்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் திறந்த காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1980 வரை வந்த கார், அதன் மூடிய வடிவமான கூப்பேயையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றும் பழைய கன்வெர்ட்டிபிள் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அதுதான். அதில் வெளிச்சில்லுக்குப் பின்னால் ஓர் உள்தகடு, அடியில் மடிப்பு மடிப்பான இன்னொரு பகுதி என்று பல அடுக்கு. வெளித்தகடு முன்மட்கார்டின் அடிவரை நீண்டு போகும். கதவுக்கு முன்னால், மட்கார்டும் சில்லும் சேரும் இடத்தில் ஓர் இணைப்புக் கோடு தெரிய வேண்டும். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள்.

காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். பெயின்டைக் கீறாது. சில், மட்கார்டின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு என்று தடவிக்கொண்டே போனால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுவிடும். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100, 150 மைக்ரான் வாக்கில் இருக்கும். மறுபடி அடித்ததென்றால் அது இரட்டிப்பாகலாம், அதில் தப்பில்லை. 1,000 மைக்ரானைத் தாண்டினால் நீங்கள் தொடுவது தகடு இல்லை, பட்டி. ஃபைபர் உடம்பு கொண்ட கார்களில் இந்த விளையாட்டெல்லாம் செல்லாது. அங்கே வேறு ஏமாற்று: உடம்பு ஃபைபர்தானே, துரு ஏது என்று நினைத்துக்கொள்வோம். லோட்டஸ் எலானின் உள்ளே இரும்புச் சேசிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், இருக்கிறது. பழைய கார்வெட்டில் சேசிஸ் மட்டுமல்ல, முன்கண்ணாடியையும் கதவையும் தாங்குகிற இரும்புக் கூடும் உள்ளே ஒளிந்திருக்கிறது. துரு அங்கேதான் வேலை செய்யும்.

தனிச் சேசிஸ் உள்ள கார் என்றால் சில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. டிரயம்ப் ஸ்பிட்ஃபயருக்குச் சேசிஸ் உண்டு; ஆனாலும் அதில் சில்தான் உடம்பைத் தாங்குகிறது. டிரயம்ப் டிஆர்6-இல் சேசிஸ் வலுவானது. ஆனால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் பொருத்தப்படும் இடத்தைச் சுற்றியே துரு ஏறும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கன்வெர்ட்டிபிளை 1949 முதல் 1980 வரை கார்மன் நிறுவனம் கட்டியது. கூரை போனதற்கு ஈடாக அடியில் தனியாக வலுவூட்டும் இரும்பு வைத்துக் கட்டினார்கள். அந்த இரும்புக்கு மேலே ஓடும் சில்லே வெப்பக்காற்றுக் குழாயும்கூட. ஹீட்டரைப் போட்டும் காலுக்குக் காற்று வரவில்லை என்றால் குளிரைவிடப் பெரிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கலாம்.

சில்லை நல்லபடியாக மாற்றியிருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டிங் செய்து நிறுத்திக்கொண்டு வெட்டினார்களா? அப்படிச் செய்யாவிட்டால் பழைய சில் வெளியே வந்த நொடியில் கார் தொங்கும், தொங்கிய வாக்கிலேயே புதுச்சில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது ஆயுளுக்கும் கோணல்தான். என் முதல் காருக்கு நடந்தது இதுதான் என்று டிங்கரிங் செய்யும் அண்ணன் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். “தம்பி, இதை நிமிர்த்தணும்னா மறுபடி வெட்டணும். வெட்டுனா வாங்குன விலையைத் தாண்டிரும்,” என்றார். வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள் விற்பவரிடம் இருந்தால் அவை எந்த ரசீதையும்விட மேல். இல்லையென்றால் கதவுச் சந்துதான் சாட்சி.

இனி தண்ணீர். மூடிய காரைத் துரு வெளியிலிருந்து தின்னும். திறந்த காரை உள்ளிருந்து தின்னும். கூரைத் துணியின் தையலில், பீடிங் ரப்பரின் ஓரத்தில், கதவுக் கண்ணாடியின் விளிம்பில் என்று தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கால்விரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே விரிப்பு காய்ந்துவிடும், அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். தரைத்தகடு அந்த ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். எனவே விரிப்பைத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். ஒட்டியிருக்கிறது, கிழிந்துவிடும் என்று தயங்கினால், குனிந்து மோந்தாவது பாருங்கள். ஊறின சாக்கு வாசனையை எந்த வாசனைத் திரவமும் முழுதாக மறைக்காது. சீட்டுக்குப் பின்னால் உள்ள குழி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், இரண்டிலும் கைவிட்டுத் துழாவுங்கள். எம்ஜிபியில் 1974 வரை சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை வைத்தார்கள். அந்தப் பெட்டிகள் அமிலத்தாலும் தண்ணீராலும் ஒருசேர அரிபட்டிருக்கும்.

தண்ணீர் உள்ளே வருவதைவிட, வெளியே போக வழியில்லாமல் தங்குவதுதான் அதிகக் கெடுதல். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். இன்ஜினைப் பொறுத்தவரை கவலையில்லாத கார், அதைக் கிளாசிக் என்று சொல்வதில் இப்போது யாருக்கும் கூச்சமும் இல்லை. கூரையிலிருந்து வடியும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். சருகும் தூசியும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் போகும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சில் முடியும் இடம் உள்ளிருந்து உப்பி வெடிக்கும். பெயின்டில் அங்கே ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே அதைவிடப் பத்துப் பங்கு நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். பார்க்கப் போகும்போது ஒரு குவளைத் தண்ணீரை அந்தக் குழாயில் ஊற்றிப் பாருங்கள். காருக்கு அடியில் உடனே கொட்ட வேண்டும்.

கூரைக்கு வருவோம். நீங்களே தனியாக ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். விற்பவர் செய்து காட்டுவது கணக்கில் சேராது. அவருக்கு எந்த மூலையைத் தட்டினால் சேரும் என்று கைப்பழக்கம் இருக்கும். சட்டத்தின் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, முன்பக்கக் கொக்கிகள் இரண்டும் ஒரே சமயத்தில் விழுகின்றனவா, கதவுக் கண்ணாடி மேலே வந்து பீடிங்கில் சீராக உட்காருகிறதா என்று பாருங்கள். மூடியபின் உள்ளே உட்கார்ந்து மேலே நோக்குங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் நாளைக்கு ஒழுகும் இடம். துணி மடிகிற கோடுகளில் நூல் வெளிறி இருந்தால் இன்னும் கொஞ்ச காலம்தான். பிளாஸ்டிக் பின்சாளரம் மங்கியிருந்தால் பாலிஷ் போட்டு ஓரளவு மீட்கலாம். மடிப்பில் வெடித்திருந்தால் மீட்க முடியாது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் கூரையை இறக்கும் முன் அந்தச் சாளரத்தின் ஜிப்பைக் கழற்றிப் படுக்க வைக்க வேண்டும். உரிமையாளர் அப்படிச் செய்கிறாரா என்று பேசாமல் கவனித்தாலே, அவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கெட்டியான உலோகக் கூரையும் துணிக்கூரையும் இரண்டும் உள்ள கார்கள் உண்டு. 1971 முதல் 1989 வரை வந்த மெர்சிடிஸ் 107 வரிசை எஸ்எல் அப்படித்தான். உலோகக் கூரையை மாட்டியே வைத்திருந்தால், அடியில் மடிந்து கிடக்கும் துணிக்கூரை பல ஆண்டு வெளிச்சத்தையே பார்த்திருக்காது. “அது உள்ள பத்திரமா இருக்கு” என்றால் நம்பாதீர்கள். உலோகக் கூரையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், சிரமம்தான். சிரமம் பார்க்காமல் தூக்குங்கள். மின்விசையில் இயங்கும் கூரை என்றால் ஹைட்ராலிக் பம்ப்பின் சத்தத்தையும், எண்ணெய் கசிந்த கறையையும் தேடுங்கள். ஒரு கூரையை முழுதாக மாற்றத் துணியின் விலை பாதிதான், மிச்சம் கூலி. நல்ல கை கிடைக்காவிட்டால் அந்தக் கூலியும் வீண்.

கூரையை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை, இரண்டு விதத்திலும் ஓட்டிப் பாருங்கள். மூடினால் தலை இடிக்கிறதா என்று பார்ப்பது அற்பமாகத் தோன்றும். என் நண்பர் ஒருவர் இதற்காகவே ஓர் அருமையான காரைத் திருப்பி விற்றார். குண்டும் குழியுமான சாலையில் ஓட்டும்போது முன்கண்ணாடிச் சட்டமும் டேஷ்போர்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுங்கும். அந்தக் காலத்துத் திறந்த காருக்கு அது பிறவிக்குணம், கொஞ்சம் இருக்கட்டும். ஸ்டியரிங் கையிலேயே உதறுகிறது, கதவுப் பூட்டு கிறீச்சிடுகிறது, பின்பார்வைக் கண்ணாடியில் எதுவும் நிற்கவில்லை என்றால் அது பிறவிக்குணம் இல்லை, நோய்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, வேண்டுமென்றேதான். இன்ஜினைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துச் சரிசெய்யலாம், உடம்பை அப்படிச் செய்ய முடியாது. குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மறுபடி அழுத்தும்போது நீலப்புகை குப்பென்று வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. அழுத்தி ஏறும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டிரயம்ப் கார்களில் மட்டும் ஒரு தனிச்சோதனை: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, நீங்கள் இன்ஜின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. பழைய காருக்குப் பேட்டரி சார்ஜர் மாட்டும் முன் எந்த முனை உடம்போடு சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். எம்ஜிபியில் 1967 வரை அது பாசிட்டிவ். டயரின் பூவைப் பார்த்து ஏமாறாமல் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, அதில் டெஸ்ட் டிரைவ்கூட வேண்டாம்.

சில கார்கள் பிறக்கும்போது கன்வெர்ட்டிபிளே இல்லை. திறந்த காருக்கு விலை அதிகம் என்பதால் மூடிய காரின் கூரையை வெட்டிவிட்டு விற்கிறவர்கள் உண்டு. உள்ளே வலுவூட்டல் எதுவும் இருக்காது. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் தப்பலாம். ஃபோர்டு மஸ்டாங்கில் 1965, 1966 மாடல்களின் வண்டி எண்ணில் (நம்பர் பிளேட் இல்லை, தொழிற்சாலையில் பொறித்த எண்) 08 என்றால் கன்வெர்ட்டிபிள், 07 என்றால் மூடிய ஹார்டுடாப். 1967, 1968-இல் அவை முறையே 03, 01. எண் ஒன்று, உருவம் வேறு என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

விலை ஏறும் என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1976-இல் காடிலாக் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசிக் கன்வெர்ட்டிபிள் என்று விளம்பரம் செய்தார்கள். பலர் ஓட்டாமல் மூடி வைத்து, லாபத்துக்குக் காத்திருந்தார்கள். 1982-இல் கிரைஸ்லர் லெபாரன் கூரையைத் திறந்துகொண்டு வந்தது. 1984 மாடலாக எல்டொராடோவே கன்வெர்ட்டிபிளாகத் திரும்பி வந்தது. மூடி வைத்தவர்கள் வழக்குவரை போனார்கள். நான் உதிரிபாகம் கிடைக்கிற காரைத்தான் வாங்கச் சொல்வேன். எம்ஜிபிக்கு முழு உடம்பையே புதிதாக அடித்துத் தருவதை 1988-இல் தொடங்கினார்கள். அபூர்வமான காருக்குக் கதவுக் கைப்பிடி ஒன்று உடைந்தால் நீங்களும் அபூர்வமாகிவிடுவீர்கள்.

இப்போது என்னிடம் இருக்கும் கார் இரண்டாவது. விற்றவர் எழுபதைத் தாண்டியவர். முட்டி மடங்கவில்லை, இவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை என்றுதான் விற்றார். நான் போனபோது கூரை மூடியிருந்தது. சில்லைப் பார்த்தேன், ஜாக்கி போட்டேன், விரிப்பைத் தூக்கினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எல்லாம் முடிந்ததும், “தண்ணி ஊத்திப் பாக்கலியா தம்பி?” என்று அவரே கேட்டார். ஹோஸை எடுத்து வந்து, நான் உள்ளே உட்கார, கூரைமேல் பத்து நிமிடம் பீய்ச்சினார். ஏழாவது நிமிடமோ எட்டாவதோ, கண்ணாடிச் சட்டத்தின் இடது மூலையிலிருந்து ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது.

கதவைத் திறந்து சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “முப்பது வருஷமா அங்கதான் சொட்டுது. சீட்டுக்கு அடியில ஒரு துண்டு இருக்கும் பாருங்க.”

குனிந்து பார்த்தேன், இருந்தது. துவைத்து, மடித்து வைத்த துண்டு.